ஏற்காட்டுக் கருங்கல்லில் சிக்கிய பிட்: ஒரு ஹாமர் டிரில் விபத்தின் நிகழ்வு ஆய்வு

சேலத்திலும் சேர்வராயன் மலைப் பக்கத்திலும் ஹாமர் டிரில் (அடித்துக்கொண்டே துளைக்கும் மிஷின்) பழுதுக்கு வரும்போது அநேகமாக ஒரே மாதிரியான காயங்களோடுதான் வருகிறது. அந்தப் பழுதுகளையும் கையில் படும் அடியையும் ஒரே வேலையாகக் கோத்து இங்கே வைத்திருக்கிறோம். குறிப்பிட்ட ஒருவரின் கதையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு கண்ணியும் நிஜத்தில் நடப்பது.

வேலை

ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்கு அப்பால் சரிவில் ஒரு பழைய வீடு. வாசலுக்கு இறங்கும் கருங்கல் படிகளின் ஓரத்தில் இரும்புக் கைப்பிடி நிறுத்த வேண்டும். அதைத் தாங்கும் கால் 6, காலுக்கு ஆங்கர் போல்ட் (துளைக்குள் விரிந்து கல்லைக் கவ்வும் போல்ட்) 4, ஆக 24 துளை. போல்ட் 10 மிமீ, அதைச் சுற்றிய ஸ்லீவ் குழல் 12 மிமீ. ஆகவே 12 மிமீ பிட், ஆழம் 80 மிமீ. துளைகள் எல்லாமே மேலிருந்து நேர் கீழாகப் போக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் வில்லங்கமாகிறது.

மிஷின் 800 வாட், 26 மிமீ வகை (கான்கிரீட்டில் அந்த அளவுவரை துளைக்கும்), எஸ்டிஎஸ் பிளஸ் சக் (பிட்டைச் செருகினாலே பிடித்துக்கொள்ளும் வாய்), எடை சுமார் 3 கிலோ. சேலத்திலிருந்து வந்தவர்கள் ஒரு வெல்டரும் உதவிக்கு ஒரு பையனும். வெல்டர் பல வருடம் கையாண்டது 13 மிமீ இம்பாக்ட் டிரில். செங்கல் சுவரில் கிரில்லும் ஷட்டரும் மாட்ட அது போதும். இந்தப் பெரிய மிஷின் வாங்கி அதிக நாளாகவில்லை.

முதல் நாள் வெயில். 7 துளை முடிந்தது. இரவு தூறல், காலையில் பனிமூட்டம், படிகள் நனைந்திருந்தன. எட்டாவது துளை முதல் நாளைவிட இரு மடங்கு நேரம் எடுத்தது. ஒன்பதாவதில் பிட் சூடேறி நுனி நீலம் பாய்ந்தது. பக்கத்தில் இருந்த பக்கெட் தண்ணீரில் முக்கினார்கள், 'சுர்' என்றது. பத்தாவதில் மிஷினின் பின்பக்கக் காற்றுத் துவாரத்தில் ஆரஞ்சு நிறத்தில் பொறி தெரிந்தது, வார்னிஷ் கருகும் வாசனையும் வந்தது.

பதினோராவது துளை.

"அண்ணே, தூசி வரல. கூழாத்தான் வருது."

"அமுக்கிப் பிடிச்சா போயிரும்டா."

அமுக்கிப் பிடிக்க வசதியாக ஸ்விட்சின் லாக் பட்டனைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் மிஷினின் முதுகை அழுத்தினார். பக்கக் கைப்பிடி ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது, நட்டு வைத்த காலில் இடிக்கிறது என்று. சுமார் 50 மிமீ ஆழத்தில் பிட் கல்லைப் பிடித்துக்கொண்டது. பிட் நின்றது, மிஷின் சுற்றியது. வலது மணிக்கட்டு முறுக்கிக்கொண்டு போய் இரும்புக் காலில் மோதியது. லாக் போட்டிருந்ததால் கை விட்ட பிறகும் மிஷின் ஓடியது. பையன் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினான்.

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டோரம் இருக்கும் குழியில் வலி இருந்தால் அதைச் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவி விடக் கூடாது. அந்த இடத்துச் சிறு எலும்பில் விரிசல் விழுந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். எலும்பு மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை கையை அசைக்காமல் கட்டி வைக்க வேண்டும்.

கல் எப்படிப்பட்டது

சேர்வராயன் மலையின் உடம்பே சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த இனம்தான் என்பதால் புவியியலாளர் ஹாலந்து இந்தப் பெயரை வைத்தார். நமக்கு அது வெறும் கருங்கல். உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியது போல் பச்சையோடிய கருமை மினுங்கும். உள்ளே குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நெருங்கப் பின்னிக் கிடக்கின்றன. குவார்ட்ஸின் கடினம், 10 வரை போகும் மோ அளவில் 7. பிட் நுனியில் பற்றவைத்திருக்கும் டங்ஸ்டன் கார்பைடு அதைவிடக் கடினம்தான். ஆனால் அந்தக் கல்லை உராய்ந்து அறுக்க அதனாலும் முடியாது, அடித்து நொறுக்கத்தான் முடியும். கருங்கல்லில் சுற்றுக்கு உள்ள வேலை இரண்டு: அடுத்த அடிக்கு நுனியை வேறு இடத்தில் வைப்பது, நொறுங்கிய தூளை வெளியே அள்ளுவது. அடி குறைந்தால் பிட் கல்லின்மேல் வெறுமனே தேயும், சூடேறும், அவ்வளவுதான்.

அழுத்தம் எங்கே தப்பாகிறது

இரண்டு மிஷினையும் 'ஹாமர்' என்றே கூப்பிடுகிறோம். உள்ளே இருப்பது வேறு வேறு. இம்பாக்ட் டிரிலில் பல் வெட்டிய இரண்டு எஃகுத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று தாவுகின்றன. அடி சின்னது, எண்ணிக்கை அதிகம். ஆள் அழுத்தினால்தான் பல்லோடு பல் சேரும். அங்கே அழுத்துவது வேலையின் பாகம்.

எஸ்டிஎஸ் மிஷினில் மோட்டார் ஒரு வாபிள் பேரிங்கை (சுற்றை முன்பின் அசைவாக மாற்றும் சாய்ந்த பேரிங்) ஆட்டுகிறது, அது பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் அடைபட்ட காற்று, காற்றுக்கு முன்னால் ஸ்ட்ரைக்கர் என்ற எஃகு உருளை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு குத்தினால் காற்று திருப்பித் தள்ளுமே, அதே மாதிரி அந்தக் காற்று ஸ்ட்ரைக்கரை எறிகிறது. அது போய் பிட்டின் பின்தலையில் அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேல். அடிக்கும் பலம் காற்றிலிருந்து வருகிறது, ஆளின் தோளிலிருந்து வருவதில்லை. பிட்டைக் கல்லில் வைத்து, மிஷின் பின்னால் துள்ளாத அளவுக்குப் பிடித்தால் போதும். கீழ் நோக்கிய துளைக்கு மிஷினின் சொந்த எடையே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும்.

அதற்குமேல் அழுத்தினால் அடி கூடாது. பிட் கல்லில் அமுங்கி உராயும், சுற்றுவதற்கு மோட்டார் திணறும், வேகம் விழும். மோட்டாரைக் குளிர்விக்கும் ஃபேன் அதே தண்டில்தான் இருக்கிறது. வேகம் விழுந்தால் காற்றும் விழும், கரண்டோ ஏறும். கருகல் வாசனையின் பிறப்பிடம் இதுதான். காதுக்கு இது நன்றாகவே தெரியும்: சரியாக அடிக்கும் மிஷினின் சத்தம் ஒரே சீராக, கணீரென்று இருக்கும். அழுத்திப் பிடித்த மிஷின் முனகும்.

செங்கல்லில் கற்ற கைப்பழக்கம்தான் இந்த விபத்தின் வேர் என்பது எங்கள் முடிவு. மிஷின் மாறியது, கை மாறவில்லை. கல்லையோ மழையையோ குறை சொல்லிப் பயனில்லை.

பிட் ஏன் சிக்கியது

சுவரில் போடும் துளையில் தூள் தானாக உதிரும். நேர் கீழாகப் போகும் துளையில் பிட்டின் புரி தூக்கிக்கொண்டு வந்தால்தான் தூளுக்கு வழி. தூள் காய்ந்திருக்கும்வரை புரி அதைத் தூக்கும். படியில் ஈரம், துளைக்குள் ஓரத்து நீர் கசிவு. தூள் கூழானது. கூழ் புரியில் அப்பிக்கொண்டு சூட்டில் இறுகி, கடைசியில் சிமெண்ட் போலக் கெட்டிப்பட்டது. பையன் சரியாகத்தான் பார்த்துச் சொன்னான். தூசிக்குப் பதில் கூழ் வருகிறது என்றால் அந்தக் கணமே பிட்டை வெளியே எடுக்க வேண்டும்.

இன்னொரு காரணத்தை ஒன்பதாவது துளையிலேயே விதைத்துவிட்டார்கள். பிட்டை அளந்து பார்த்தபோது நுனியில் ஒரு பக்கக் கார்பைடு பாதி காணோம். கார்பைடும் அதைத் தாங்கும் எஃகும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குபவை. நீலம் பாய்ந்த சூட்டில் தண்ணீரில் முக்கினால் பற்றுவைப்பு விடும், கார்பைடு மயிரிழையாய் வெடிக்கும். அடுத்த துளையில் சில்லு பெயர்ந்து உள்ளேயே தங்கும். அந்தச் சில்லின்மேல் எந்தப் புதுப் பிட்டை வைத்தாலும் அதுவும் போய்விடும். சில்லு வெளியே வரவில்லை என்றால் துளையைக் கைவிட்டுத் தள்ளிப் போட வேண்டியதுதான். பிட் சூடானால் மிஷினைத் துளைக்கு வெளியே எடுத்து, சும்மா ஓடவிட்டு, காற்றில் ஆறவிட வேண்டும். இரண்டு பிட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது அதைவிட நல்லது.

கைக்கு அடி ஏன் பட்டது

எஸ்டிஎஸ் மிஷினில் பிட் சிக்கினால் வழுக்கிவிடும் கிளட்ச் உண்டு. அதனால் கைக்கு ஆபத்து இல்லை என்று பலர் நம்புகிறார்கள். கிளட்ச் காப்பாற்றுவது முதலில் கியரை. அது வழுக்கும்வரை உள்ள முறுக்கு முழுதும் ஆளின் கைக்குத்தான் வந்து சேரும். 20 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 செமீ தள்ளி இருக்கும் பக்கக் கைப்பிடியில் அது சுமார் 10 கிலோ இழுப்பு, தாங்கிவிடலாம். பக்கக் கைப்பிடி இல்லையென்றால் அதே முறுக்கை மணிக்கட்டு மட்டும் தனியே தாங்க வேண்டும். மிஷின் நிமிடத்துக்கு 900 சுற்று, அதாவது நொடிக்கு 15. ஆள் சுதாரித்து விரலை எடுக்க நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் எல்லாம் நடந்துவிடுகிறது.

லாக் பட்டன் உளி மோடில் நீண்ட நேரம் கொத்துவதற்கு உள்ளது. துளை போடும்போது அதைத் தொடவே கூடாது. பக்கக் கைப்பிடி எங்கேயாவது இடித்தால் அதைச் சுற்றிவிட்டு வேறு கோணத்தில் இறுக்கலாம், கழற்றக் கூடாது. காலை நட்டுவிட்டு அடுத்த துளை போடுவதே தப்பு. முதலில் 24 துளையும் முடியட்டும், கால் நிறுத்துவது பிறகு.

பட்டறையில் திறந்தபோது

முன் ரப்பர் மூடி கிழிந்திருந்தது. அதன் வழியாகக் கல்தூள் சக்குக்குள் போய், பிட்டின் பின்தண்டைப் பிடிக்கும் எஃகுக் குண்டுகளையும் அது உட்காரும் பள்ளத்தையும் தேய்த்திருந்தது. எஸ்டிஎஸ் பிளஸ் பிட்டின் தண்டு 10 மிமீ, அதில் நான்கு பள்ளம். இரண்டு முறுக்கைத் தாங்கும், இரண்டு குண்டு உட்கார. பிட் மாட்டும் ஒவ்வொரு முறையும் தண்டைத் துணியால் துடைத்து, கடுகளவு கிரீஸ் தடவ வேண்டும். இங்கே வாங்கிய நாளிலிருந்து தடவியதாகத் தெரியவில்லை.

மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டும் ஒரே அளவில் தேயவில்லை. ஒன்று 6 மிமீ, மற்றொன்று 4 மிமீ. 5 மிமீக்கு வந்தால் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். அதற்குக் கீழே போனால் ஸ்பிரிங் தேவையான அளவு அழுத்தாது, பொறி பறக்கும், கார்பன் உரசும் செம்புப் பட்டை வளையமான கம்யூட்டேட்டர் கருகும். கார்பனடியில் சின்ன நீலப் பொறி சகஜம். ஆரஞ்சு நிறத்தில் கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையம்போல ஓடினால் ஆர்மேச்சரில் கோளாறு இருக்கலாம், உடனே நிறுத்த வேண்டும். இந்த மிஷினில் அடுத்தடுத்த செம்புப் பட்டைகளுக்கு இடையே மல்டிமீட்டரில் ஒரே அளவு காட்டியது. ஆர்மேச்சர் தப்பித்தது. மெல்லிய கண்ணாடித் தாளால் கம்யூட்டேட்டரைத் துடைத்து, பட்டைகளுக்கு நடுவில் அடைந்த கரித்தூளைச் சுரண்டி எடுத்தார்கள். எமரித் தாள் போடக் கூடாது, அதன் பொடி பட்டைகளுக்கு நடுவில் தங்கிவிடும். புதுக் கார்பன் மாட்டியபின் சுமையில்லாமல் 10 நிமிடம் ஓடவிட்டார்கள், கார்பனின் முகம் வளைவில் உட்கார.

கியர் பெட்டியில் இருந்தது மஞ்சள் நிற வீல் கிரீஸ், அதுவும் பெட்டி நிறைய. யாரோ இடையில் திறந்து 'நல்லா இருக்கட்டும்' என்று அடைத்திருக்கிறார்கள். அதிகக் கிரீஸ் நல்லதில்லை. அது காற்றறைக்குள் புகுந்து வழியை அடைத்து அடியைக் கொல்லும். இந்த அளவு மிஷினுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 கிராம் போதும். சரியான அளவும் வகையும் மிஷினோடு வந்த கையேட்டில் இருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். ஹாமருக்கென்றே விற்கும் கிரீஸ் தவிர வேறு போடக் கூடாது. தப்பான கிரீஸில் ரப்பர் வளையங்கள் ஊதியோ இறுகியோ போகும். ஸ்ட்ரைக்கரின் ஓ-ரிங் இங்கே தட்டையாகி விறைத்திருந்தது. எட்டாவது துளை மெதுவானதில் ஈரத்துக்கு மட்டுமல்ல, இதற்கும் பங்கு உண்டு. 'மிஷின் சுற்றுகிறது, அடிக்கவில்லை' என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சின்ன வளையத்தைத்தான். விலை அற்பம், மாற்றாமல் அழுத்தி ஓட்டினால் போவது ஆர்மேச்சர்.

மோடு மாற்றும் திருகியின் உள்முனையும் சிதைந்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது திருகியதன் அடையாளம் அது. மோடையும் சுற்றுத் திசையையும் மிஷின் முழுதாக நின்றபின்தான் மாற்ற வேண்டும்.

கடைசியாக, ஈரம் உள்ளே போயிருக்குமோ என்று 500 வோல்ட் மெக்கரில் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) பார்த்தார்கள். இரட்டைக் காப்பு மிஷினில் 7 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அதைக் கையில் கொடுக்கக் கூடாது. உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் குறி போட்ட இந்த மிஷின்களுக்கு எர்த் வயர் கிடையாது, தேவையும் இல்லை. ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் அந்த இரட்டைக் காப்புக்கு மதிப்பில்லை.

வயர்

வீட்டு பிளக்கிலிருந்து படிக்கு இழுத்த வயர் 40 மீட்டர். அவர்கள் கொண்டுவந்தது 0.75 சதுர மிமீ வயர், நடுவில் முறுக்கி டேப் சுற்றிய இரண்டு ஜாயிண்ட், மிச்சம் சுருளாகவே தரையில். போக வர 80 மீட்டருக்கு மின்தடை சுமார் 2 ஓம். 4 ஆம்பியர் ஓடினால் இழப்பு 8 வோல்ட். மலையில் மாலை நேரத்தில் ஏற்கெனவே வோல்டேஜ் தளர்ந்திருந்தால் இது எரிச்சலூட்டும், ஆனால் மிஷினைக் கொன்றது இது இல்லை. பெரிய ஆபத்து நனைந்த கல்லின்மேல் கிடந்த அந்த டேப் ஜாயிண்டுகள்தான். கால் வைத்தால் மிஷினின் எந்தக் காப்பும் உதவாது. சுருளை முழுதும் பிரிக்காமல் ஓட்டினால் வயரே சூடேறி உருகும் என்பதும் உண்மை.

மறுபடி செய்தது

இரண்டாம் முறை போனபோது படிக்கு மேல் தார்ப்பாய் கட்டி, ஒரு நாள் காயவிட்டார்கள். 2.5 சதுர மிமீ வயர், நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே நீளம். வீட்டுப் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்), வேலை தொடங்குமுன் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தார்கள். நான்கு முனைக் கார்பைடு பிட் இரண்டு. இரு முனைப் பிட்டைவிட இது துளையில் குறைவாகவே கவ்வும், விலை கூடுதல் என்றாலும் கருங்கல்லுக்கு இதுதான் சரி.

துளையின் இடத்தையும் திருத்தினார்கள். கல்லின் விளிம்பிலிருந்து குறைந்தது 100 மிமீ உள்ளே, சுண்ணாம்புக் காரை இணைப்பைத் தவிர்த்து. ஆங்கர் விரியும்போது கல்லைப் பக்கவாட்டில் தள்ளும், விளிம்புக்கு அருகே போட்டால் படி பிளக்கும். காரைக்குள் போட்டால் ஆங்கர் சும்மா சுழலும், பிடிக்காது. பழைய பதினோராவது துளையில் கார்பைடு சில்லு தங்கிவிட்டதால் அந்தக் காலையே ஒரு சாண் தள்ளி வைத்தார்கள்.

காலைக் குளிரில் கிரீஸ் கெட்டியாக இருக்கும், அப்போது மிஷின் சுற்றும், ஆனால் உடனே அடிக்காது. அழுத்தாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டார்கள், அடி தானாக எழுந்தது. ஆழக்கம்பியை 80 மிமீக்கு இறுக்கி, மெதுவாகத் தொடங்கி, நுனி 4, 5 மிமீ பதிந்தபின்தான் முழு வேகம். அதற்குப்பின் 20 மிமீக்கு ஒருமுறை, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிட்டை மேலே இழுத்துத் தூளை வெளியே எடுத்தார்கள். துளை முடிந்ததும் கைப் பம்பால் ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதினார்கள். தூள் தங்கிய துளையில் ஆங்கர் இறுகியது போல் தோன்றும், கொஞ்ச நாளில் ஆடும்.

வாயால் ஊதவே கூடாது. இந்தக் கல்லின் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கினால் அது வெளியே வராது. கைக்குட்டை கட்டுவது போதாது. என்95 முகக்கவசம், கண்ணுக்கு மூடிய கண்ணாடி, காதுக்கு அடைப்பான். இந்த மிஷின்களின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். படியில் தங்கிய தூளைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் எடுத்தார்கள். கையுறை போட்டிருந்தாலும் தொளதொளவென்று இல்லாத ஒன்று. தொங்கும் துணி எதுவும் சுற்றும் பிட்டுக்கு அருகே வரக் கூடாது. நான்கு துளைக்கு ஒருமுறை ஆள் மாறினார்கள், அதிர்வு கையை மரத்துப்போகச் செய்யாதிருக்க.

பதினெட்டாவது துளையில் பிட் ஒருமுறை கவ்வியது. கிளட்ச் 'கடகட' என்றது, விரல் ஸ்விட்சை விட்டது, மிஷின் நின்றது. திசை மாற்றி ரிவர்ஸில், அடி இல்லாத மோடில் மெதுவாகச் சுற்ற பிட் வந்துவிட்டது. அப்படியும் வராவிட்டால் மிஷினைப் பிட்டிலிருந்து கழற்றிவிட்டு, தண்டை ஸ்பேனரால் திருகி எடுக்க வேண்டும். மிஷினை நெம்புகோலாக்கினால் சக் போய்விடும்.

வேலை முடிந்ததும் காற்றுத் துவாரங்களை உலர்ந்த பிரஷால் துடைத்து, பிட்டைக் கழற்றி, சக்கையும் துடைத்துத்தான் பெட்டியில் வைத்தார்கள். மலையின் குளிரில் கிடந்த மிஷினைச் சேலத்து வெக்கைக்கு இறக்கினால் உள்ளிரும்பில் வியர்வைபோல் நீர் கோக்கும். பெட்டியைத் திறந்து வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டபின் மூடினார்கள்.